மூடுபனி மலையில் பொம்மைப் புகையிரதத் தண்டவாளம்: எந்த முறை ஆண்டுகள் தாங்கும்?

நானுஓயா மூடுபனி எழுதியது:

சென்ற மாதம் எங்கள் பழைய வீட்டுப் பரணை ஒதுக்கியபோது பாட்டனாரின் தேயிலைப் பெட்டி ஒன்று கீழே இறங்கியது. அவர் இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெரிய பங்களாவில் அப்புவாக, அதாவது சமையற்காரராக, இருந்தவர். 1975 இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் பொறுப்பேற்றபோது ஊருக்குப் புறப்பட்ட துரை, பிள்ளைகள் விளையாடிப் போட்ட சாமான்களை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஹோர்ன்பி டப்லோ என்ற பழைய இங்கிலாந்துப் பொம்மைப் புகையிரதத்தின் மூன்று தண்டவாளப் பாதை இருந்தது. வளைவுத் துண்டுகள் பதினான்கு, நேர்த்துண்டுகள் ஒன்பது, ஓர் எஞ்சின். ஜல்லியையும் சிலிப்பர் கட்டையையும் அச்சிட்ட தகரத் தளத்தில், பெட்டியின் உட்புற ஈயத்தாள் கிழிந்திருந்த மூலையைத் தொட்டுக்கொண்டிருந்த நான்கு துண்டுகளில் மட்டுமே துரு ஏறியிருந்தது. மற்றவை நேற்று வாங்கியவை போல இருக்கின்றன.

என் கேள்வி அந்தப் பெட்டியைப் பற்றியதல்ல. நான்கு ஆண்டுகளுக்கு முன் மருமகன் வெளிநாட்டிலிருந்து பேத்திக்காகக் கொண்டு வந்த புதிய இரண்டு தண்டவாளத் தொகுதி ஒன்று என்னிடம் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். முதல் ஆண்டு அழகாக ஓடியது. இப்போது எஞ்சின் ஜன்னலோரத்து மூன்றாவது இணைப்புக்கு வந்ததும், சொல்லிவைத்தாற்போல் நின்றுவிடுகிறது. விரலால் தள்ளினால் ஓடுகிறது, அடுத்த சுற்றில் அதே இடத்தில் மறுபடியும் நிற்கிறது. எழுபது வயதை நெருங்கும் பொருள் உறுதியாகவும் நான்கு வயதுப் பொருள் நோயாளியாகவும் இருப்பதைப் பார்க்கும்போது, இனிமேல் பணம் செலவழிப்பதென்றால் எந்த முறையில் செலவழிப்பது என்று யோசனையாக இருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்குப் பனி வீட்டுக்குள் நுழையும் ஊரில் இருப்பவர்களின் அனுபவம் எனக்கு வேண்டும்.

ஹட்டன் மின்திருத்துநர் எழுதியது:

ஐயா, முறையைப் பற்றிப் பேசுமுன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். வீட்டிலுள்ள காந்தம் ஒன்றைப் புதிய தண்டவாளத்தின் மேல் வையுங்கள். ஒட்டினால் அது உருக்கு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் நிக்கல் சில்வர் அல்லது பித்தளை. நிக்கல் சில்வர் என்ற பெயரில்தான் வெள்ளி இருக்கிறது, உலோகத்தில் இல்லை. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்தது. மலிவான தொடக்கத் தொகுதிகளில் உருக்குத் தண்டவாளம் வருவது வழக்கம். ஒரே நிறுவனம் கூட உருக்கிலும் நிக்கல் சில்வரிலும் தனித்தனி வரிசைகளை விற்பதுண்டு. பாக்மன் ஈஸி ட்ராக் என்ற பொம்மைப் பாதையில் கறுப்புத் தளம் என்றால் உருக்கு, சாம்பல் தளம் என்றால் நிக்கல் சில்வர். வாங்குபவர் அதைக் கவனிப்பதில்லை.

உலர்ந்த ஊரில் உருக்கும் பல காலம் ஓடும். நம் பக்கத்தில் அது ஓடாது. துரு மின்சாரத்தைத் தடுக்கும். பித்தளையும் கறுத்துப்போய்த் தொல்லை கொடுக்கும். நிக்கல் சில்வரும் மங்கத்தான் செய்யும், ஆனால் அந்த மங்கல் ஓட்டத்தை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வீட்டில் விறகு அடுப்பு எரிகிறதா? என் கடைக்குத் திருத்த வந்த எஞ்சின்களில் பாதிக்கு மேற்பட்டவற்றின் சக்கரங்களில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு படலம் இருக்கும். அடுப்புப் புகையின் எண்ணெய்ப்பசையும் பனியின் ஈரமும் சேர்ந்து தண்டவாளத்தின் மேல் படிகின்றன, அதைச் சக்கரம் வழித்தெடுத்துத் தானே பூசிக்கொள்கிறது. இதைத் தண்டவாளத்தின் குறை என்று சொல்ல முடியாது.

நானுஓயா மூடுபனி எழுதியது:

காந்தம் ஒட்டிக்கொண்டது. சமையலறையில் விறகடுப்பும் உண்டு, காஸ் தட்டுப்பாட்டின்போது மறுபடி கட்டினோம், பிறகு இடிக்க மனம் வரவில்லை. வோல்ட் மீட்டரையும் வைத்துப் பார்த்தேன். வயர் இணைக்கும் இடத்தில் 11.8 வோல்ட் காட்டுகிறது. எஞ்சின் நிற்கும் மூன்றாவது இணைப்பைத் தாண்டியதும், எஞ்சின் ஓடும் வேளையில், 7.1 வோல்ட் காட்டுகிறது. எஞ்சினைத் தூக்கிவிட்டால் மறுபடியும் 11 க்கு மேல் ஏறுகிறது. அந்த இணைப்பைப் பிரித்துப் பார்த்தேன். தண்டவாளத்தின் மேற்பரப்பு துடைத்தால் பளபளக்கிறது, ஆனால் இணைப்புத் தகட்டின் உட்புறம் செங்கல் பொடி பூசியதுபோல் இருக்கிறது.

ஹட்டன் மின்திருத்துநர் எழுதியது:

உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்தச் செங்கல் பொடியிலேயே இருக்கிறது. சுமை இல்லாதபோது வோல்ட் சரியாகக் காட்டி, ஓடும்போது இறங்கினால், தடை இணைப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். எல்லாரும் தண்டவாளத்தின் தலையைத் துடைக்கிறார்கள், இணைப்பின் வாயை யாரும் பார்ப்பதில்லை. ஒரு வட்டத்தில் எட்டுத் துண்டு என்றால் எட்டு இணைப்பு, ஒவ்வொன்றும் இரண்டு தகடு. ஒவ்வொன்றிலும் அரை வோல்ட் போனால் மறுகோடியில் எஞ்சினுக்கு என்ன மிஞ்சும்?

கொட்டகலை டு ஸ்டுட்கார்ட் எழுதியது:

கொட்டகலையில் பிறந்தவன், இப்போது இருபது ஆண்டுகளாக ஜேர்மனியில் இருக்கிறேன். மார்க்லின் நிறுவனம் இருக்கும் கோப்பிங்கன் எங்கள் வீட்டிலிருந்து புகையிரதத்தில் போய்வரும் தூரம்தான் என்பதால், எனக்கு அந்தப் பக்கமே சாய்வு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஐயாவின் டப்லோ ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு ஈயத்தாள் மட்டும் காரணம் அல்ல. மூன்று தண்டவாள முறையில் மின்சாரம் நடுத் தண்டவாளம் வழியாகப் போய், வெளித் தண்டவாளங்கள் இரண்டின் வழியாகவும் திரும்புகிறது. இரண்டும் ஒரே மின்முனையைச் சேர்ந்தவை என்பதால் ஒரு பக்கம் அழுக்கேறினாலும் மறுபக்கம் ஓட்டத்தைக் காப்பாற்றிவிடும். இரண்டு தண்டவாள முறையில் அந்தச் சலுகை இல்லை. ஒரு பக்கம் விட்டால் எல்லாமே விட்டது.

மார்க்லின் 1935 இல் சிறிய அளவுப் புகையிரதத்தைத் தொடங்கியபோது மூன்று தண்டவாளத்தில்தான் தொடங்கியது. பிறகு, நடுத் தண்டவாளம் பார்வைக்கு அழகாக இல்லை என்று அதை எடுத்துவிட்டு, சிலிப்பர் கட்டைகளின் நடுவே சிறு குமிழ்களாக மாற்றியது. எஞ்சினின் அடியிலுள்ள நீண்ட வழுக்குத் தகடு அந்தக் குமிழ்களைத் தடவிக்கொண்டே போகும்போது, அழுக்கையும் தானே சுரண்டிவிடுகிறது. தகரத் தளமுள்ள எம் பாதை, 1969 இல் வந்த கே பாதை, 1996 இல் வந்த பிளாஸ்டிக் தளமுள்ள சி பாதை என்று உருவம் மூன்று முறை மாறியிருக்கிறது, மின்சாரம் ஓடும் விதம் மாறவில்லை. எம் பாதையையும் சி பாதையையும் இணைப்பதற்கென்றே ஒரு மாற்றுத் துண்டு கிடைக்கிறது. என் மாமனார் சிறுவயதில் ஓட்டிய எஞ்சின், என் மகன் தரையில் போடும் சி பாதையில் ஓடுகிறது. 2009 இல் அந்த நிறுவனமே நொடித்துப்போய் நீதிமன்றம் வரை சென்றது, ஆனாலும் பாதை நின்றுபோகவில்லை. எனக்கு நம்பகம் என்றால் இதுதான்: முப்பது ஆண்டுக்குப் பிறகு வாங்கும் ஒரு துண்டு, பழைய துண்டோடு சேர வேண்டும்.

விலை ஒரு குறைதான், மறுக்கவில்லை. சுங்க வரியும் தபால் செலவும் சேர்த்தால் நானுஓயாவுக்கு வரும்போது அது பொம்மை விலையாக இருக்காது.

பண்டாரவளை முன்பள்ளி எழுதியது:

பெரியவர்கள் வோல்ட் கணக்கிலேயே நிற்கிறீர்கள். ஐயா பேத்திக்காகத் தொடங்கிய பேச்சு இது. என் முன்பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகளாக நான்கு வகைப் பாதைகள் பிள்ளைகளின் கைகளில் அடிபட்டிருக்கின்றன, அதைச் சொல்கிறேன்.

மரப்பாதை முதலாவது. சுவீடனின் பிரியோ 1958 இல் தொடங்கிய வடிவம் அது. ஒரு முனையில் குமிழ், மறுமுனையில் அதற்கேற்ற குழி. வேறு பல நிறுவனங்களும் அதே அளவில் செய்வதால் கலந்து போட முடிகிறது. கூடையில் கிடப்பவற்றுள் எது எந்த நிறுவனத்தின் துண்டு என்று எனக்கே தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊதி, குமிழ் குழிக்குள் இறங்க மறுக்கும். தை மாதம் வந்தால் மறுபடியும் சுகமாக இறங்கும். பிள்ளைகள் அதைப் பழகிக்கொண்டார்கள். மழைக்காலத்தில் வட்டத்தை மூடாமல் நீளமாகவே போடுகிறார்கள்.

இரண்டாவது, ஜப்பானின் பிளாரெயில். 1959 இல் வந்த நீல நிறப் பிளாஸ்டிக் பாதை, இன்றைக்கும் அதே நீலம், அதே இணைப்பு. இருபது ஆண்டு பழைய தானத் துண்டும் போன வருடம் வாங்கிய துண்டும் என்னிடம் கைகோத்துக் கிடக்கின்றன. மின்சாரம் தண்டவாளத்தில் இல்லை, எஞ்சினுக்குள் பற்றரியில் இருக்கிறது. எனவே கஞ்சி சிந்தினாலும் துடைத்துவிட்டு ஓட்டலாம். எங்கள் பள்ளியில் இதுவரை பழுதானவை அனைத்தும் எஞ்சின்களே. விடுமுறைக்குப் போகும்போது பற்றரியைக் கழற்ற மறந்ததால், கசிந்து உள்ளே பச்சையாகப் பூத்திருந்தன. அது என் கவனக்குறைவு.

லெகோவைப் பற்றி ஒரு வருத்தம் உண்டு. 1991 இல் அவர்கள் கொண்டுவந்த 9 வோல்ட் பாதையில், தண்டவாளத்தின் மேல் உலோகத் தகடு பதித்து மின்சாரத்தை ஓடவிட்டார்கள். நன்றாக ஓடிய முறை அது. 2006 இல் பற்றரி எஞ்சினும் வெறும் பிளாஸ்டிக் பாதையும் வந்தன, சிறிது காலத்தில் உலோகப் பாதையை நிறுத்திவிட்டார்கள். பழைய பாதையில் புதிய எஞ்சின் ஓடும், புதிய பாதையில் பழைய எஞ்சின் ஓடாது. எனக்கு யாரோ அன்போடு கொடுத்த 9 வோல்ட் எஞ்சின், பாதை போதாமல் அலுமாரியின் மேல் இருக்கிறது.

நான்காவது வகையைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. அது இரண்டு மாதத்தில் உடைந்தது.

கம்பளைத் தச்சன் எழுதியது:

ரீச்சர் சொன்ன மர விஷயத்தில் ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் பாதைகள் பீச் என்ற மரத்தில் செய்யப்படுகின்றன. அது நெருக்கமான, சீரான இழை கொண்டது. எங்கள் மலைகளில் தேயிலைக்கு நிழலாக நிற்கும் சவுக்கில் அதே பாதையைச் செய்து பார்த்தேன், வெளித்தோற்றத்தில் மிக அழகாக வந்தது. ஆனால் பிள்ளை பக்கவாட்டில் வளைத்து இழுத்தவுடன் குமிழின் கழுத்து ஒடிந்துவிட்டது. முதலில் குறை மரத்தில் என்று நினைத்தேன், பிறகுதான் என் வேலையில் என்று தெரிந்தது. கழுத்துப் பகுதியில் இழை மிகக் குறுகியது, அங்கே எந்த மரமும் பலவீனம்தான், சவுக்கு பிளவுக்குப் பேர்போனது என்பதால் இன்னும் சீக்கிரம் போயிற்று. இப்போது குமிழைத் தனியாகக் கடைந்து, துளையிட்டுப் பசையோடு இறக்குகிறேன். இழை குமிழின் நீளத்தோடு ஓடுமாறு வைத்தால் உடைவதில்லை. குழியையும் அரை மில்லிமீற்றர் தளர்வாக வெட்டுங்கள், மழைக்கால ஊதலுக்கு அந்த இடம் வேண்டும்.

பதுளை வாசகன் எழுதியது:

நான் ஒரு மேசையில் தெமோதரை வளையத்தைச் செய்யத் திட்டமிட்டிருக்கிறேன். இரண்டு தண்டவாள முறையில் பாதை சுற்றித் தன்னையே சந்தித்தால் ஷோர்ட் ஆகிவிடும் என்று எங்கோ படித்தேன். அப்படியென்றால் மார்க்லின் அண்ணன் சொல்வதுபோல் மூன்று கடத்தி முறைதான் வழியா? அல்லது எஞ்சினுக்குள்ளேயே பற்றரியை வைத்துத் தண்டவாள மின்சாரத்தையே மறந்துவிடலாமா?

தெமோதரை ஓய்வூதியர் எழுதியது:

தம்பி, நீங்கள் இரண்டு வெவ்வேறு வளையங்களைக் குழப்புகிறீர்கள். நான் புகையிரதத் திணைக்களத்தின் பாதைப் பராமரிப்புப் பகுதியில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை செய்தவன். அந்தப் பாதையில் நடந்த கிலோமீற்றர்களுக்குக் கணக்கில்லை. தெமோதரையில் பாதை திரும்பி வந்து தன்னோடு சேரவில்லை. மலையைச் சுற்றி இறங்கி, நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தின் வழியாகத் தன்னையே கீழால் கடந்து போகிறது. அது சுருள். மேலே ஒரு பாதை, கீழே ஒரு பாதை, இரண்டும் எங்கும் தொடுவதில்லை, எனவே ஷோர்ட்டும் இல்லை. வண்டி வந்த பாதையிலேயே முகம் திருப்பி விடும் வளையத்தில்தான் இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தைச் சந்திக்கும். அங்கேதான் அந்தத் தொல்லை.

ஆனால் சுருளைச் செய்வதில் வேறொரு கஷ்டம் இருக்கிறது. மலைநாட்டுப் பாதையின் கடுமையான ஏற்றம் 44 க்கு 1. டப்லோ அளவில் ஒரு பாதை மற்றொன்றின் மேலால் போக ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மூன்றரை மீற்றர் நீளத்துக்கு ஏறவேண்டும். பிள்ளைகள் புத்தகத்தை அடுக்கி ஒரு மீற்றரில் ஏற்றிவிட்டு, எஞ்சினுக்கு இழுவை போதவில்லை என்று கவலைப்படுகிறார்கள். எங்கள் நிஜ எஞ்சினையும் அப்படி ஏற்றினால் அதுவும் வழுக்கத்தான் செய்யும். வளைவும் அப்படியே. எங்கள் பாதையின் கூரிய வளைவு 5 செயின் ஆரம், அதாவது சுமார் 100 மீற்றர். டப்லோ அளவான 76 இல் 1 என்று சுருக்கினால் 1.32 மீற்றர். கடையில் வரும் இரண்டாம் ஆர வளைவு 438 மில்லிமீற்றர். அப்படியொரு வளைவு நிஜப் பாதையில் இருந்தால் 33 மீற்றர் ஆரம்தான் வரும், பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தடம் புரளும். பொம்மை வளைவில் சக்கரம் தண்டவாளத்தின் பக்கத்தை எவ்வளவு உரசுகிறது, இணைப்பை எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்பதை இதிலிருந்து யோசித்துப் பாருங்கள்.

அளவு என்று பேச வந்ததால் ஓர் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அகலப் பாதை 1,676 மில்லிமீற்றர். அதே 76 இல் சுருக்கினால் 22 மில்லிமீற்றர் வர வேண்டும், ஆனால் கடைத் தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர். நீங்கள் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் தெமோதரை நிலையத்தில் ஒல்லியான பாதைதான் படுத்திருக்கும்.

ஹட்டன் தம்பி இணைப்பைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நிஜப் பாதையிலும் தண்டவாளத்தின் நடுப்பகுதி எங்களுக்கு ஒரு நாளும் தொல்லை கொடுத்ததில்லை. பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் இடையில் சுரங்கத்துள் நீர் சொட்டும் இடத்தில், தண்டவாள முனைகளை இணைக்கும் தகடான பிஷ் பிளேட்டைக் கழற்றினால் போல்ட் துருவில் பாதியாகியிருக்கும், தண்டவாள முனை நசுங்கியிருக்கும். அதனால் கழற்றி, துப்புரவு செய்து, கிரீஸ் பூசி, மறுபடி இறுக்குவோம். வெயிலுக்கு நீள்வதற்காகச் சிறு இடைவெளியும் விடுவோம். பொம்மைப் பாதைக்கும் ஒரு சொட்டுக் கிரீஸ் போட்டால் என்ன?

ஹட்டன் மின்திருத்துநர் எழுதியது:

ஐயா, உங்கள் கிரீஸ் தண்டவாளத்தைக் காக்கப் பூசுவது. எங்களுடையது மின்சாரத்தையும் தடுக்கக் கூடாது. வாகனக் கிரீஸைப் பூசினால் அது வழிந்து தண்டவாளத்தின் தலைக்கு வரும், எஞ்சின் ஏற்றத்தில் வழுக்கும், தூசியும் ஒட்டும். மின் தொடுகைகளுக்கென்றே விற்கும் கிரீஸ் இருக்கிறது. ஈர்க்குச்சி நுனியில் தொட்டு இணைப்புத் தகட்டின் உட்புறத்தில் மட்டும் பூசினால் ஈரம் புகாது. அந்த அளவில் உங்கள் யோசனையை ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் நிரந்தரமாக ஒரு மேசையில் பாதை போடுவதாக இருந்தால், இணைப்பை நம்பவே வேண்டாம். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும், அது முடியாவிட்டால் இரண்டு துண்டுக்கு ஒன்றாவது, மெல்லிய வயரைச் சோல்டர் செய்து, மேசைக்கடியில் ஓடும் தடித்த செம்பு வயரோடு சேர்த்துவிடுங்கள். நிக்கல் சில்வர் செம்பை விடப் பல மடங்கு தடை கொண்டது, நீண்ட தூரத்துக்கு மின்சாரத்தைச் சுமக்கத் தகுதியானதல்ல. வேலையைச் செம்பு செய்யட்டும், தண்டவாளம் சக்கரத்தை மட்டும் தாங்கட்டும். அப்போது பிஷ் பிளேட் துண்டுகளை நேராகப் பிடித்துக்கொள்ளும் வேலையோடு நின்றுவிடும்.

நீளும் இடைவெளியைப் பற்றியும் சொன்னீர்கள். இருபது பாகை வெப்ப மாற்றத்துக்கு ஒரு மீற்றர் நிக்கல் சில்வர் மூன்றில் ஒரு மில்லிமீற்றர்தான் நீளும். எங்கள் ஊரில் அதைவிடக் கூடுதலாக அசைவது அடியிலுள்ள பலகை. ஈரத்தில் அது ஊதி, தண்டவாளத்தை இழுத்துக்கொண்டு போகிறது. பலகையின் அடிப்புறம், விளிம்பு எல்லாவற்றுக்கும் வார்னிஷ் அடியுங்கள். மேற்புறத்துக்கு மட்டும் அடித்தால் பலகை அப்பளம் போல வளையும்.

துண்டு துண்டாகக் கழற்றிப் போடுவதென்றால், இணைப்பு தேயும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு வடிவமைத்த முறைகளைப் பாருங்கள். அமெரிக்காவின் லயனல் குழாய்த் தண்டவாளத்தில் உட்குழிவான முனைக்குள் ஓர் ஆணி செருகியிருக்கும். தளர்ந்தால் குறட்டால் முனையை மெல்ல நசுக்கலாம், ஆணி துருவேறினால் பிடுங்கிவிட்டு வேறு போடலாம். ஜப்பானின் கட்டோ யூனிட்ராக்கில் இணைப்பு மட்டும் தனியாகக் கழன்று வரும், புதியதை அந்த இடத்தில் மாட்டலாம். இங்கிலாந்தின் பெக்கோ பாதையிலும் தகடு பழுதானால் பைக்கற்றில் வாங்கித் தள்ளிவிடலாம். எது மோசம் என்றால், பிளாஸ்டிக் தளத்தோடு கொக்கியையும் ஒன்றாக வார்த்திருப்பது. கொக்கி முறிந்தால் அந்தத் துண்டு முழுவதும் குப்பை. நான் மூன்று வாடிக்கையாளரின் பாதைகளில் அதைப் பார்த்திருக்கிறேன். பசை நிற்காது.

பதுளைத் தம்பிக்கு: பெரிய அளவு எஞ்சின் என்றால் பற்றரி நல்ல வழி, தோட்டத்தில் ஓட்டும் 45 மில்லிமீற்றர் பாதைக்காரர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். டப்லோ போன்ற சிறிய அளவில் எஞ்சினுக்குள் இடம் கிடைப்பது கஷ்டம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவிலிருந்து வரும் தொகுதியின் ட்ரான்ஸ்போமர் 120 வோல்ட்டுக்கானது, ஜப்பானில் 100 வோல்ட். எங்கள் 230 வோல்ட் செருகியில் அப்படியே செருகிய ஒருவர், சுருண்டு கருகியதை ஷொப்பிங் பையில் போட்டு என்னிடம் கொண்டு வந்தார். நல்லவேளை, பிள்ளை அறையில் இல்லை. தட்டில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் செருகாதீர்கள்.

கொட்டகலை டு ஸ்டுட்கார்ட் எழுதியது:

கொக்கி விஷயத்தில் நான் வாதாடப் போவதில்லை. ஆனால் கழற்றும்போது நேராக இழுக்காமல் மேலும் கீழுமாக மடக்குவதால்தான் பெரும்பாலும் முறிகிறது. என் மகனும் அப்படி இரண்டை முறித்தான். துடைப்பதற்கு உப்புத்தாளைத் தொடாதீர்கள் என்பதையும் யாரும் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து, அழுக்குத் தங்குவதற்கு அவை வாய்க்காலாகிவிடும். ஐசோப்ரோப்பைல் அல்ககோலை மென்துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். பாமசியில் கிடைக்கும் சில ஸ்பிரிட்டுகளில் எண்ணெய் கலந்திருக்கும், விரலில் தேய்த்துப் பார்த்து, காய்ந்த பின் வழுக்கினால் விட்டுவிடுங்கள்.

நானுஓயா மூடுபனி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரமாக ஒன்றும் எழுதாமல் இருந்தது வேலை நடந்துகொண்டிருந்ததால்தான்.

உருக்குத் தண்டவாளத்தைக் கழித்துவிட்டேன். மருமகனுக்குச் சொல்லி, அதே எஞ்சின் ஓடக்கூடிய நிக்கல் சில்வர் துண்டுகளைப் பெற்றேன். தகடு தனியாக மாற்றக்கூடிய வகையாகவே பார்த்து வாங்கினோம். ஹட்டனுக்குக் கொண்டு போய் எட்டு இடத்தில் வயர் சோல்டர் செய்துகொண்டு வந்தேன். பலகையின் ஆறு பக்கமும் வார்னிஷ் அடித்தாயிற்று. எஞ்சின் ஓடும்போது இப்போது மறுகோடியில் 11.4 வோல்ட் காட்டுகிறது. பேத்திக்கு ரீச்சர் சொன்ன நீலப் பாதை ஒன்றைத் தனியே வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைத்தான் அதிகம் விரும்புகிறாள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மேசையை அவள் பார்க்கத்தான் வருகிறாள்.

டப்லோவின் நான்கு துருத் துண்டுகளையும் துடைத்து, எஞ்சினை வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்த்தோம். தகரத் தளத்தின் மேல் அது எழுப்பும் சத்தம் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பிவிட்டது. இழுவை குறைவு. காந்தம் வலுவிழந்திருக்கும் என்று ஹட்டன் தம்பி சொல்கிறார், அதற்கு மீண்டும் காந்தமேற்றலாமாம். மற்றபடி பாதையில் ஒரு குறையும் இல்லை. தேயிலைக்கு ஈரம் ஆகாது என்பதால் பெட்டிக்குள் ஈயத்தாள் ஒட்டுவார்கள், அந்தப் பங்களாவில் ஆயுள் முழுக்கத் தேநீர் ஊற்றிய பாட்டனாருக்கு அது தெரியாமலா இருக்கும். கிழிந்த மூலையில் அலுமினியத் தாளை ஒட்டி, பாதையைத் திரும்பவும் அதே பெட்டியில் வைத்துவிட்டேன்.

ஒரே ஒரு குறை மிச்சம். புதிய பாதையில் மூன்றாவது இணைப்பில் நிற்பது நின்றுவிட்டது, ஆனால் பிற்பகலில் ஜன்னலுக்கு நேரே வரும்போது மட்டும் எஞ்சின் ஒரு கணம் தயங்குகிறது. காலையில் தயங்குவதில்லை. துடைத்தால் சரியாகி, மறுநாள் பிற்பகல் மறுபடியும் தொடங்குகிறது.

தெமோதரை ஓய்வூதியர் எழுதியது:

மூன்று மணிக்கு முன் ஜன்னலைச் சாத்துங்கள்.